ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கவும்

அத்தியாயம் 14

போன வாரம் தொலைபேசியில் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாரே நம் மெக்கானிக், அந்த வார்த்தை இந்த வாரம் காலைப் பேருந்தில் ஏறி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மகள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. கைப்பையைச் சோபாவில் போட்டாள், போனை எடுத்தாள், அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஃபாரம் வந்துருச்சுப்பா. எல்லாம் நானே நிரப்பிட்டேன். ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்து நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அஞ்சு மணிக்குள்ள வீட்டு ஓனர் ஆபீஸ்ல குடுத்தாகணும்."

மெக்கானிக் கண்ணாடியைத் தேடுவதுபோல் மேசையைத் தடவினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள். மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுதுல்ல. இருக்கோமா, காலி பண்றோமான்னு இன்னிக்குச் சொல்லலைன்னா அவங்களே வேற ஆள் பார்த்துருவாங்க."

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'தொடர்கிறேன்', இன்னொன்றில் 'காலி செய்கிறேன்'. இரண்டாவது கட்டத்தில் ஏற்கெனவே ஒரு டிக் விழுந்திருந்தது. பேருந்தில் உட்கார்ந்தபடியே மகள் அதைப் போட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பால் பாத்திரம் என்பதை இந்தக் குடும்பத்தோடு பழகியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மெக்கானிக் நாற்காலியில் கண்ணயர்ந்ததும், பாத்திரம் கரிக்கட்டையானதும், அன்று மகள் ஐந்து முறை கூப்பிட்டும் போன் எடுக்கப்படாததும் பழைய கதை. அதை அவரே மறுநாள் மகளிடம் சிரிப்புக்காகச் சொல்லித் தொலைத்தார். மகள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைச் சீசாவில் பிடித்துப் பெயர் ஒட்டி வைப்பதுதான் அவள் தொழில். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்களோடு வந்து இருக்கும்படி ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசி, மாப்பிள்ளையையும் பேசவைத்து, அப்பாவிடமிருந்து அந்த 'சரி'யை வாங்கிவிட்டாள்.

"கீழ முனைக் கடையில எடுத்துக்கலாமே," என்றார் அவர்.

"அந்தக் கடைக்காரர் பொண்ணுக்குக் கல்யாணமாம், ஒரு வாரம் லீவுன்னு போர்டு மாட்டியிருக்கு. வரப்பவே பார்த்துட்டேன். நம்ம வீட்டுலயே பிரிண்டர் இருக்கு, எதுக்கு ஊரைச் சுத்தணும்?"

உண்மைதான். பிரிண்டர் இருந்தது. அவர் மனைவியின் பிரிண்டர்.

அது படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தது. மேலே பூப்போட்ட துணி. துணியை எடுத்தால் வெள்ளை உடம்பு, ஓரத்தில் லேசான மஞ்சள், முன்னால் ஒரு நீல விளக்கு. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஆன்லயே வெச்சிருக்கீங்களா?" என்றாள் மகள்.

"சும்மாதான். காலையில போடுவேன், சாயங்காலம் நிறுத்துவேன்."

பதினொரு மாதமாக இதுதான் நடைமுறை. காலையில் டீ போட்டதும் பிரிண்டரைப் போடுவார். அது ஒருமுறை கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு எழும். பிறகு அந்த நீல விளக்கு சிமிட்டத் தொடங்கும். சிமிட்டினால் தேடுகிறது என்று அர்த்தம், நிலையாக எரிந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கையேட்டைப் படித்து அவர் தெரிந்துகொண்டது. முப்பத்து நான்கு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், எந்த இயந்திரத்தின் விளக்கும் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார்.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் வீட்டின் பழைய இன்டர்நெட் பெட்டி புகைந்து செத்துப்போனது. யாரும் மாற்றவில்லை, மாற்றவேண்டிய ஆள் திரும்பி வரவும் இல்லை. போன மாதம்தான் மாப்பிள்ளை வந்து, வீடியோவில் பேச வசதியாக இருக்கும் என்று புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார். அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர். பிரிண்டருக்கு அந்தப் பெயர் தெரியாது. அது பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது.

மகள் போனைப் பார்த்தாள். பேருந்துப் பயணத்தில் சார்ஜ் தீர்ந்து நான்கு சதவீதத்தில் ஊசலாடியது. அறையின் அந்தக் கோடியில் இருந்த பிளக்கில் சொருகினாள். வயர் ஒரு முழம்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றபடி அவள் படிக்க, பிரிண்டர் பக்கத்தில் அப்பா நிற்க, வேலை ஆரம்பமானது.

"பிரிண்டர் கம்பெனி ஆப்பை இறக்கிட்டேன். லொகேஷன் அனுமதி கேக்குது, குடுத்துட்டேன். தேடுது... தேடுது... 'பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை.'"

"அப்படியா," என்றார் மெக்கானிக். குரலில் வருத்தத்தைப் போதுமான அளவு சேர்த்திருந்தார்.

"போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில இருக்கணுமாம். போன் புதுசுல இருக்கு. பிரிண்டர் பழசையே பிடிச்சுத் தொங்குது. அதனால அதோட நெட்வொர்க்கை அழிச்சுட்டு முதல்ல இருந்து சேர்க்கணும். சுலபம்தான். வைஃபை பட்டன், பக்கத்துல கேன்சல் பட்டன், ரெண்டையும் சேர்த்து அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க."

அவர் இரண்டு விரல்களை வைத்தார்.

ரீசெட் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லிஃப்டை ரீசெட் செய்தால் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துபோகும். அடித்தளத்துக்கு இறக்கி, ஒவ்வொரு மாடியாக ஏற்றி, இது முதல் மாடி, இது இரண்டாவது மாடி என்று மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். தன் வாழ்நாளில் நூறு லிஃப்டுகளுக்கு அவர் அதைச் செய்திருக்கிறார். ஒரு நாளும் தயங்கியதில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

விரலை எடுத்துவிட்டார்.

"ஆச்சா?"

"ஆச்சே."

மகள் போனைத் தட்டினாள். பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை.

"இன்னொரு வாட்டி அழுத்துங்கப்பா."

ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொரு வாட்டி. மூன்றாம் முறை தாராள மனதோடு மூன்றரைவரை போனார். நான்கைத் தொட விரல் ஒத்துக்கொள்ளவில்லை. காரியம் நடக்கக்கூடாது, ஆனால் தான் நடத்தவில்லை என்றும் தெரியக்கூடாது. இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் விரல் விரலாகத்தான் இருந்தது.

"பழைய மெஷின். பட்டன் தேஞ்சிருக்கும்," என்றார் பரிவோடு.

"கையேடு இருக்கா?"

"கீழ டிராயர்ல..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் மகள் வந்து டிராயரை இழுத்துவிட்டாள்.

கையேடு இருந்தது. அதன் மேல் ஒரு கட்டுக் காகிதமும் இருந்தது. மகள் கட்டைப் பிரித்தாள். எல்லாத் தாளிலும் ஒரே அச்சு. பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் தகவல் பக்கம். நெட்வொர்க் பெயர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் 'நாலாவது மாடி' என்று இருந்தது. நிலை என்ற இடத்தில் 'இணைப்பு இல்லை' என்று இருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதி, அதன் கீழே அப்பாவின் சுருக்கொப்பம்.

அவள் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தாறு தாள். வாரத்துக்கு ஒன்று.

"என்னப்பா இது?"

"மெயின்டனன்ஸ்," என்றார் மெக்கானிக். "சும்மா விட்டா மை காஞ்சு அடைச்சுக்கும். வாரா வாரம் ஒரு தாள் ஓட்டணும். ஓட்டினா தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும்ல. லிஃப்டுக்கு அப்படித்தான் செய்வோம்."

மகள் தாள்களைத் தட்டி ஓரங்களை ஒழுங்காக்கினாள். கொஞ்சம் அதிக நேரம் தட்டினாள்.

"ஏன்ப்பா நாலாவது மாடி? நாம ரெண்டாவது மாடியிலதான இருக்கோம். இந்தப் பேர் வெச்ச நாள்ல இருந்து எனக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. அம்மாகிட்ட கேட்டா, உங்கப்பாவைக் கேளுன்னு சிரிப்பாங்க."

"அது உங்கம்மா வேலை பார்த்த ஆபீஸ்," என்றார் அவர். "இன்சூரன்ஸ் ஆபீஸ். நாலாவது மாடி. டைப்பிஸ்ட்டா இருந்தா."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க, நீங்க போய் இறக்கி விட்டீங்க. அதுவரைக்கும் தெரியும்."

"அவ்வளவுதான் கதை," என்று அவர் பேச்சை முடித்தார். ஆனால் மனசு முடிக்கவில்லை.

அன்று மோட்டார் சூடேறி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஓர் ஆள். இவர் நான்காவது மாடிக் கதவைச் சாவியால் நெம்பித் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தபோது ஒரு நடு வகிடும் இரண்டு கண்களும் தெரிந்தன. அழுவாள், கத்துவாள் என்று பார்த்தால், "நான் எங்க இருக்கேன்?" என்று நிதானமாகக் கேட்டாள். "நாலாவது மாடிக்கு ரெண்டடி கீழே," என்றார் இவர். "ரெண்டடிதானே, அப்ப வெயிட் பண்றேன்," என்றாள். நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவர் நாலு திருகாணியைத் தொலைத்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அடுத்த வாரம் சர்வீஸ் எப்ப, மெக்கானிக் சார்?" என்பதுதான். கல்யாணமாகி, பெண் பிறந்து, பெண்ணுக்குக் கல்யாணமாகி, இவர் ஓய்வு பெற்ற பிறகும் அவள் வாயில் இவர் மெக்கானிக் சார்தான். இந்தக் கட்டடமே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

வேலையை விட்ட பிறகும் அவளுடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை. கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், மாடியில் துணி காயப்போடும் முறை, எல்லாம் அவள் போனில் எழுதி இந்தப் பிரிண்டரில் வந்தன. 'லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கதை பேச வேண்டாம்' என்ற அறிவிப்பு கீழ்த்தளத்தில் இன்றும் ஒட்டியிருக்கிறது. கீழே போகும்போதெல்லாம் மெக்கானிக் அதை முழுசாக ஒருமுறை படிப்பார்.

மகள் மாப்பிள்ளையை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளை கணினி வேலைக்காரர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும், அதுதான் அவரிடம் இருக்கும் ஒரே தொந்தரவு.

"ரீசெட் ஆகலைன்னா விடு," என்றார் மாப்பிள்ளை. "வேற வழி இருக்கு. பிரிண்டர் பழைய பேரைத்தானே தேடுது? நாம புதுப் பெட்டிக்கே அந்தப் பேரை வெச்சுருவோம். பேரும் பாஸ்வேர்டும் பழசு மாதிரியே இருந்தா, அதுக்கு எந்தப் பெட்டின்னு தெரியாது. தானா வந்து ஒட்டிக்கும். பெட்டியோட ஆப் லாகின் அனுப்பறேன், உன் போன்லயே மாத்திடலாம். அத்தை வெச்ச பாஸ்வேர்டு என்ன, மாமா?"

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவருக்குத் தெரியும். அவள் அதை வைத்த அன்று, காதருகே வந்து சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போனாள். ஐம்பத்தேழு வயதில் அந்த ஓட்டம். அதை மறக்க முடியுமா.

"தெரியாது மாப்ள," என்றார்.

"ஞாபகப்படுத்திப் பாருங்க மாமா. யார் பிறந்தநாளாவது?"

"அவ எதையும் எங்கிட்ட சொல்ல மாட்டா."

பதினொரு மாதமாக மனைவியைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. சொன்ன உடனே நெஞ்சில் குத்தியது.

மகள் முயன்றாள். முதலில் தன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் காத்திருந்து நீல விளக்கைப் பார்த்தார்கள். சிமிட்டல் நிற்கவில்லை. அது தன் பிறந்தநாள் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. அப்புறம் அப்பாவின் பிறந்தநாள், கல்யாண நாள், பழைய வீட்டு எண், அம்மாவின் போன் நம்பர். ஒவ்வொன்றுக்கும் புதுப் பெட்டி அணைந்து எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷக் காத்திருப்பு. இடையில் அவர் டீ போட்டார். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். மணி மூன்றரை ஆயிற்று.

"போதும்," என்றாள் மகள். போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினாள். "நானே அழுத்தறேன். உங்க விரல்ல பலம் இல்ல."

அவள் மேசைக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒரு கட்டைவிரல் வைஃபை பட்டனில், ஒரு கட்டைவிரல் கேன்சல் பட்டனில். அவள் விரலில் பலம் இருந்தது. நாளுக்கு அறுபது பேர் கையில் நரம்பு தேடும் விரல்.

மெக்கானிக் பின்னால் நின்றார். இனி எப்படியும் தாள் வந்துவிடும். வாயைத் திறந்தாலும் வரும், திறக்காவிட்டாலும் வரும். திறக்காவிட்டால் மனைவி வைத்த பெயரைப் பிரிண்டர் மறந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"எடு," என்றார். "கையை எடு பாப்பா."

மகள் திடுக்கிட்டு எடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாம் சின்ன இங்கிலீஷ் எழுத்து. ரெண்டடி கீழே. நடுவுல இடம் விடாத. அப்புறம் நாப்பது. எண்ணுல."

அவள் ஒன்றும் கேட்காமல் பெட்டியின் ஆப்பைத் திறந்து அடித்தாள். பெயரில் நாலாவது மாடி. பாஸ்வேர்டில் ரெண்டடி கீழே, நாற்பது. பெட்டி அணைந்தது, எரிந்தது. பிரிண்டரின் விளக்கு வழக்கம்போலச் சிமிட்டியது. பிறகு கொஞ்சம் மெதுவாகச் சிமிட்டியது. பிறகு நின்றது. நீலமாக, அசையாமல், நின்று எரிந்தது.

மனைவி போனதிலிருந்து அந்த விளக்கு நின்று அவர் பார்த்ததில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காலையில இருந்து தெரியும்," என்றாள் மகள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியும்."

"அந்த அஞ்சு செகண்டு?"

"மூணுல விட்டுட்டேன்."

"மூணு வாட்டியும்?"

"கடைசி வாட்டி மூணரை."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது.

எதிர்வீட்டு நர்ஸ். வெள்ளைச் சீருடை, தோளில் பை, மதிய ஷிஃப்டுக்குத் தாமதமாகக் கிளம்பிய அவசரம். கையில் போன். ஆனால் முகம்தான் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள். "லிஃப்ட்ல இறங்கிக் கீழ நின்னுட்டிருந்தேன். போன் தானா வைஃபை எடுத்துச்சு. என்னடான்னு பார்த்தா நாலாவது மாடி. எனக்கு ஒரு நிமிஷம்..." நிறுத்தினாள். "அக்கா வந்துட்டாங்கன்னே நினைச்சுட்டேன். பைத்தியம் மாதிரி படியில ஓடி வந்துட்டேன்."

நர்ஸ் சீருடைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க போன்ல எப்படி?" என்றாள் மகள்.

"அக்காதான் போட்டுக் குடுத்தாங்க. நான் குடி வந்த புதுசுல எங்க வீட்டுல நெட் இல்ல. மூணாவது மாடி டீச்சருக்கும் குடுத்தாங்க. பரீட்சை நேரத்துல பாதிக் கட்டடம் இதுலதான் ஓடும். அது என்ன ரெண்டடின்னு கேட்டா மட்டும் சொல்லவே மாட்டாங்க." அவள் மகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "நல்லவேளை நீங்களும் வந்திருக்கீங்க. அன்னிக்குப் பால் கருகுன நாள் நீங்க ரொம்ப பயந்துட்டதா அண்ணா சொன்னாங்க. வாசம் வந்ததுமே நான் கதவைத் தட்டி எழுப்பிட்டேன். இப்ப ஷிஃப்டுக்குப் போறப்ப ஒரு தட்டு, வந்ததும் ஒரு தட்டு. இவங்களும் உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டுவாங்க. சொல்லியிருப்பாங்களே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா திருதிருவென்று விழித்தார்.

"சொல்லல," என்றாள் மகள்.

நர்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகிற போக்கில், "நெட்டை இப்படியே வெச்சிருங்கண்ணா, மாத்திடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மகள் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டாள்.

"இதையாவது ஏன்ப்பா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? என்னைப் பார்த்துக்க ஆள் வேண்டியிருக்குன்னா? அதுக்குத்தானே நீ கூப்பிடற."

"நீங்க போன் எடுக்காத ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? யாரோ ஒருத்தர் கையை நீட்டிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நான் ஊசியைப் பிடிச்சுட்டு உங்களையே நினைச்சுட்டிருப்பேன். அம்மாவுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல. உங்களுக்காவது..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மெக்கானிக் எழுந்து வந்தார். மகளின் தலையில் கை வைத்தார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வைத்ததால், எவ்வளவு அழுத்தி வைப்பது என்று தெரியவில்லை.

"பாப்பா. உன்கிட்ட சரின்னு சொன்னேன். உன் மனசு கோணக்கூடாதுன்னுதான் சொன்னேன். எனக்கு இங்க இருந்து வர இஷ்டமில்ல. இந்த வீட்டுலதான் உங்கம்மா இருந்தா. நான் இங்கேயே இருக்கணும்."

இதை அவர் போன வாரமே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் முழுக்கப் பட்டனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மெக்கானிக்குக் கதவை நெம்பித் திறக்க எப்போதுமே நேரமாகும்.

"போன் எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்."

"அடுப்பைப் பத்த வெச்சுட்டு உட்கார மாட்டீங்களே?"

"நின்னுக்கிட்டே இருக்கேன்."

"கிண்டல் பண்ணாதீங்கப்பா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எதிர்வீட்டு அக்கா நம்பர் எனக்கு வேணும். டீச்சர் நம்பரும் வேணும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவுல வரணும். ஒரு நாள் வரலைன்னாலும் அடுத்த பஸ்ஸுக்கு நான் இங்க இருப்பேன்."

"சரி."

"இந்தச் சரி நிஜச் சரியா?"

"நிஜம்."

அவள் போனை எடுத்தாள். படிவம் அதே இடத்தில் காத்திருந்தது. இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். டிக் மறைந்தது. முதல் கட்டத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் விரல் நின்றது. பிறகு தொட்டாள்.

அச்சிடு என்பதை அழுத்தியதும் பிரிண்டர் கரகரவென்று எழுந்தது. பதினொரு மாதமாகத் தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த இயந்திரம், முதல் முறையாக வேறொன்றை எழுதியது. இரண்டு தாள். எழுத்து ஒன்றுகூடப் பிசிறாமல் கருகருவென்று விழுந்தது. மெக்கானிக் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாரா வாரம் ஓட்டியது வீண் போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதியிலும், தேதியோடு.

மை காயும் முன்பே போன் அடித்தது. மாப்பிள்ளை. மகள் இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. அறை அமைதியாக இருந்ததால் எல்லாமே கேட்டது.

"பிரிண்ட் வந்துச்சா?"

"வந்துருச்சு."

"மாமா கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாச்சு."

"அப்பாடா. நீ காலையில கிளம்புனதும் ஆரம்பிச்சேன், நம்ம வீட்டுல மாமா ரூமுக்கு ரெண்டாவது கோட் பெயிண்டும் அடிச்சாச்சு. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஜன்னலைப் பார்த்த மாதிரி கட்டில் போட்டிருக்கேன். அத்தை போட்டோ மாட்ட ஆணியும் அடிச்சுட்டேன். அவருக்குப் பிடிக்குமா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிடிக்கும்," என்றாள். "அப்புறம் பேசறேன். ஆபீஸ் மூடிருவாங்க."

போனை வைத்தாள். இரண்டு தாளையும் கவரில் போட்டு ஒட்டினாள். மணி நாலு பத்து. மெக்கானிக் வாசல்வரை வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி அவர் மனதில் இதுவரை ஒரு கணக்கு இருந்தது. ஓர் ஆணியைப் பற்றிக் கேட்டதும் அது கலைந்துவிட்டது.

"மாப்ளகிட்ட எப்பச் சொல்லப்போற?" என்றார் மெதுவாக.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இதைக் குடுத்துட்டுச் சொல்றேன்ப்பா. முன்னாடியே சொன்னா என் மனசு மாறிடும்."